ஃபியூயல் பம்ப் மாற்றச் சொல்கிறார்கள்: எதை வாங்குவது, எதுவரை செலவழிப்பது?

பழைய ஸ்டியரிங்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், இரண்டு நாளாக மண்டை காய்கிறது.

வண்டிக்கு 14 வயது, 1.6 லிட்டர் பெட்ரோல், ஓட்டம் 1,90,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது, முதல் அரை மணி நேரம் ஒரு குறையும் சொல்ல முடியாது. அப்புறம் மேடு ஏறும்போதோ, முந்துவதற்கு ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்கும்போதோ இழுக்கவே மாட்டேன் என்கிறது. போன வாரம் இரண்டு தடவை நடுவழியில் நின்றே போனது. இருபது நிமிடம் காத்திருந்து சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்புகிறது. பின் சீட்டுக்கு அடியிலிருந்து வண்டு ரீங்காரம் போடுவது போல ஒரு சத்தம், அது முன்பு இருந்ததா, இப்போது கவனிப்பதால் கேட்கிறதா என்று எனக்கே சந்தேகம்.

பட்டறையில் இரண்டு நிமிடம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு "ஃபியூயல் பம்ப் போச்சு சார்" என்றார்கள், டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தள்ளுகிற மோட்டார்தான் அது. மூன்று வழி சொன்னார்கள். கார் கம்பெனி பெட்டியில் வருகிற முழு செட், அதாவது மிதவை, சல்லடை, பிரஷரைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டர் எல்லாம் சேர்ந்த கூடு, அது ஒன்று. கூட்டை வைத்துக்கொண்டு உள்ளே இருக்கிற மோட்டாரை மட்டும் மாற்றுவது இரண்டாவது. மூன்றாவது, பெயரே போடாத வெள்ளை அட்டைப்பெட்டியில் ஒரு முழு செட். முதலாவது இரண்டாவதைப் போல நான்கு மடங்கு விலை. மூன்றாவது முழு செட்டாக இருந்தும் இரண்டாவதைவிட மலிவு, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கூலி எதற்கும் ஒன்றுதான்.

இந்த வருடத்திலேயே கிளட்ச், முன்பக்க சஸ்பென்ஷன் புஷ்கள், ரேடியேட்டர் என்று வரிசையாகப் பார்த்தாகிவிட்டது. கூட்டிப் பார்த்தேன், வண்டியை இன்றைக்கு விற்றால் வருகிற தொகையில் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கிறது. வீட்டில் "இதைத் தள்ளிவிட்டு வேறு பாருங்கள்" என்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை, ஆனால் மனசை மட்டும் கேட்டு முடிவெடுக்கவும் தயக்கமாக இருக்கிறது.

எந்தப் பம்பை வாங்குவது? மோட்டார் மட்டும் போதுமா? ஒரு நண்பர், "மாற்றுவதே மாற்றுகிறாய், மணிக்கு 255 லிட்டர் தள்ளுகிற பெரிய பம்பாகப் போடு, ஆயுசுக்கும் கவலை இல்லை" என்கிறார். அது சரியா?


வோல்ட்மீட்டர்:

நண்பரே, எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு கேள்வி. இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், ஒரு இடத்தில்கூட "பிரஷர் பார்த்தார்கள்" என்று இல்லையே? காதால் கேட்டுப் பம்பைக் கழற்றச் சொல்வது பந்தயம் கட்டுவது மாதிரி, அவர்கள் ஜெயிக்கலாம், தோற்றால் பணம் உங்களுடையது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று பம்ப் தலையில் விழுந்த பழிகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

சூட்டில் நின்று ஆறியதும் கிளம்புவது பம்ப் மட்டும் செய்கிற சேட்டை அல்ல. எஞ்சின் சுழல்வதை உணர்ந்து சொல்கிற கிராங்க் சென்சாரும் அப்படியே செய்யும். வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு: சென்சார் என்றால் பெரும்பாலும் சுவிட்ச் போட்டு அணைத்த மாதிரி ஒரே நொடியில் எஞ்சின் சாகும், அப்போது செல்ஃப் அடித்தால் ஆர்பிஎம் முள் அசையவே அசையாது. பெட்ரோல் பற்றாக்குறை என்றால் முதலில் தடுமாறும், குலுக்கும், இருமும், அப்புறம்தான் நிற்கும். அடுத்தது டேங்கின் காற்றுவழி அடைப்பு. நின்றவுடன் பெட்ரோல் மூடியைத் திறந்து பாருங்கள், உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்து, அதன் பிறகு வண்டி உடனே கிளம்பினால் பம்ப் நிரபராதி. புகைக்குழாயில் இருக்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடைத்தாலும் இழுவை போகும், ஆனால் ஆறியதும் சரியாகிவிடாது, அதனால் உங்கள் கதைக்கு அது பொருந்தவில்லை.

இவை தாண்டியும் பெட்ரோல்தான் குறைகிறது என்று தோன்றினால் மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள்.

பிரஷர். உங்கள் மாதிரி எஞ்சின்களில், எஞ்சினுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கிற குழாயான ரெயிலில் 3 முதல் 4 பார் (பிரஷர் அலகு) வரை இருக்கும், சரியான எண் உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில்தான் இருக்கும். முக்கியமானது, கோளாறு வருகிற நேரத்தில் எடுக்க வேண்டும். குளிர்ந்த வண்டியில் பட்டறையில் நிறுத்தி எடுத்தால் 3.5 காட்டும், "பம்ப் நன்றாக இருக்கிறது" என்று அனுப்பிவிடுவார்கள். கேஜை நீளக் குழாயோடு மாட்டி, முன் கண்ணாடிக்கு வெளியே தெரிகிற மாதிரி டேப் ஒட்டி, மேடு ஏறிப் பார்க்க வேண்டும். பெட்ரோல் விஷயம், குழாய் இணைப்பு ஒழுகாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே வண்டியை எடுக்கணும்.

எஞ்சினை அணைத்ததும் அந்த முள் எப்படி இறங்குகிறது என்றும் பாருங்கள். பம்புக்குள் ஒரு செக் வால்வு இருக்கிறது, கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு செய்கிற வேலைதான் அதற்கும். அது கசிந்தால் பிரஷர் உடனே சரிந்து, மறுநாள் காலையில் நிறைய நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கும். உங்களுக்குக் காலையில் தொல்லை இல்லை என்பதால் அது நன்றாக இருக்கலாம்.

மூன்றாவது வோல்டேஜ், இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் கனெக்டரிலேயே அளக்க வேண்டும், கழற்றி வைத்து அளந்தால் எல்லாம் 12 வோல்ட் காட்டும், அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. பேட்டரியில் இருப்பதைவிட அரை வோல்ட், மிஞ்சினால் ஒரு வோல்ட் குறையலாம். எர்த் பக்கத்தையும் தனியாகப் பார்க்கணும்: பேட்டரி நெகட்டிவுக்கும் பம்பின் எர்த் ஒயருக்கும் நடுவே 0.2 வோல்ட்டுக்கு மேல் வந்தால் அங்கே துருவோ தளர்ச்சியோ இருக்கிறது. சில புது வண்டிகளில் ஐடிலில் வேண்டுமென்றே பம்பை மெதுவாக ஓட்டுவார்கள், அங்கே குறைந்த வோல்டேஜைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால், செலவே இல்லாத வேலை ஒன்று: பல வண்டிகளில் ஹாரனுக்கும் பம்புக்கும் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கிற ரிலேக்கள் ஒரே வகை. நம்பர் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டு இரண்டையும் இடம் மாற்றி ஓட்டிப் பாருங்கள்.


பழைய ஸ்டியரிங்:

நன்றி சார். இன்று மாலை சிலதைப் பார்த்தேன். நிற்பதற்கு முன்னால் நன்றாகக் குலுக்குகிறது, பத்து இருபது நொடி இருமிவிட்டுத்தான் சாகிறது, செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் அசைகிறது. மூடியைத் திறந்தேன், உஸ் சத்தம் எதுவும் இல்லை. ரிலேயை மாற்றியும் அதே கதை. ஒரு தெரிந்தவர் ஸ்கேனர் மாட்டினார், பி0171 என்று ஒன்று கிடந்தது, "கலவையில் பெட்ரோல் குறைவு" என்று அர்த்தமாம்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் எப்போதும் கால் டேங்குக்குக் கீழேதான் ஓட்டுவேன். சிவப்பு விளக்கு எரிந்தால்தான் பங்க் ஞாபகமே வரும். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?


டேங்க் இறக்கி:

உண்டு தம்பி. நிறைய உண்டு. அந்த மோட்டார் பெட்ரோலுக்குள் முங்கித்தான் வேலை செய்கிறது, அதைக் குளிர வைப்பதும் அந்தப் பெட்ரோல்தான். டேங்கில் கொஞ்சூண்டு இருந்தால் அதே பெட்ரோல் சூடாகிச் சூடாகிச் சுற்றும், வளைவில் ஒரு பக்கம் ஒதுங்கும்போது பம்ப் காற்றை இழுக்கும். ஒரு நாளில் சாகாது, ஆனால் மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்துகிற பிரஷும் கம்யூட்டேட்டரும் சீக்கிரம் தேயும். கால் டேங்குக்குக் கீழே விடாதே.

22 வருடமாக இந்த வேலை பார்க்கிறேன், டேங்க் இறக்கி இறக்கியே முதுகு போனதால்தான் இந்தப் பெயர். வோல்ட்மீட்டர் சொன்ன சோதனைகளை முடித்துவிடு, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பம்ப்தான் என்று உறுதியானால் எதை வாங்குவது என்பதற்கு வருகிறேன்.

முதலில் 255 லிட்டர் கதை. உன் 1.6 எஞ்சின் ஏறத்தாழ 110 குதிரைத்திறன் என்று வைத்துக்கொள், முழு மிதியில் மணிக்கு 35 லிட்டருக்கு மேல் குடிக்காது. கம்பெனி போட்டுக் கொடுத்த பம்பே அதைப் போல இரண்டு மூன்று மடங்கு தள்ளும். அதற்கு மேல் தள்ளுவதெல்லாம் ரெகுலேட்டர் வழியாகத் திரும்ப டேங்குக்கே வரும், பெட்ரோலைச் சும்மா சுற்றிச் சூடாக்குவதுதான் மிச்சம். ரெகுலேட்டரால் அவ்வளவையும் திருப்பிவிட முடியாமல் போனால் பிரஷர் ஏறி எஞ்சின் கூடுதலாகக் குடிக்கும். போதாததற்குப் பெரிய பம்ப் அதிக ஆம்பியர் இழுக்கும், உன் 14 வருட ஒயரும் கனெக்டரும் அதற்காகச் செய்தவை இல்லை. டர்போ வைத்து எஞ்சினைத் திருத்துகிறவர்களுக்கு அது. உனக்கு வேண்டாம்.

அடுத்தது, பெட்டி. கார் கம்பெனிகள் பொதுவாகத் தாங்களே பம்ப் செய்வதில்லை. பாஷ், டென்சோ, பியர்பர்க், விடிஓ, டெல்ஃபி, வால்ப்ரோ மாதிரி ஆட்களிடம் வாங்கித் தங்கள் பெட்டியில் போட்டு விற்பார்கள். பழைய பம்பை வெளியே எடுத்ததும் உடம்பில் செய்தவர் பெயரும் பார்ட் நம்பரும் பொறித்திருக்கும். அதே ஆள் அதே நம்பரில் தன் சொந்தப் பெட்டியில் விற்கிற சரக்கு கிடைத்தால் அதுதான் உனக்கு உசிதம், கார் கம்பெனி முத்திரைக்கான காசு மிச்சம். "இது எல்லா வண்டிக்கும் சேரும்" என்று ஒருவர் நீட்டினால் வாங்காதே. பிரஷர், வாய் அளவு, கனெக்டர் பின் வரிசை எல்லாம் ஒத்துவர வேண்டும். கார்புரேட்டர் வண்டிப் பம்பு அரை பார்கூடத் தராது, பார்த்தால் சின்னதாக அழகாக இருக்கும், உன் வண்டியில் போட்டால் ஸ்டார்ட்டே ஆகாது. எத்தனால் கலந்த பெட்ரோல் போடுகிறாய் என்றால் அதைத் தாங்கும் என்று எழுதியிருக்கிறதா என்றும் பார்.

டூப்ளிகேட்டும் பெரிய பெயர்களில்தான் அதிகம் வருகிறது. பொறித்திருக்க வேண்டிய நம்பர் ஸ்டிக்கரில் இருந்தால், அச்சு மங்கலாக இருந்தால், பழையதைவிடக் கைக்கு லேசாக இருந்தால் சந்தேகப்படு. அந்த வெள்ளைப் பெட்டி செட்டைப் பற்றிக் கேட்டாயே, முழு செட் ஒரு நல்ல மோட்டாரைவிட மலிவாக வருகிறது என்றால் உள்ளே என்ன மோட்டார் வைத்திருப்பான் என்று நீயே யோசி. அப்படி வந்த செட்களில் மோட்டாரை விடவும் மிதவை காட்டுகிற அளவு தப்பாக இருப்பதுதான் எனக்கு அதிகம் தலைவலி கொடுத்தது.

மோட்டார் மட்டுமா, முழு செட்டா? கூடு உடையாமல், குழாய்கள் வெடிப்பில்லாமல், பெட்ரோல் முள் ஒழுங்காகக் காட்டிக்கொண்டிருந்தால் மோட்டார் மட்டும் போதும், ஆனால் கூடவே சல்லடையும் டேங்க் வாய் ரப்பர் சீலும் கட்டாயம் புதுசு. சல்லடை மாற்றாவிட்டால் பம்புக்கு வாரண்டி கிடையாது என்று பல கம்பெனிகள் எழுதியே வைத்திருக்கின்றன. உள்ளே இருக்கிற குட்டிக் குழாயை மாற்ற நேர்ந்தால் சாதாரண பெட்ரோல் குழாயை வெட்டிப் போட விடாதே, அது உள்பக்கம்தான் பெட்ரோலைத் தாங்கும், முங்கிக் கிடந்தால் வெளிப்பக்கம் ஊறிப் பிய்ந்துவிடும். டேங்குக்குள் போடுவதற்கென்றே எஸ்ஏஇ 30ஆர்10 என்று அச்சிட்ட குழாய் தனியாக வருகிறது. நீளம் ஒரு சாண்கூடத் தேவைப்படாது, விலை கொஞ்சம் கடுப்பேற்றும், வாங்கிவிடு.

இன்னொன்று, உன் வண்டியில் பின் சீட்டுக்கு அடியில் மூடி இருக்கிறதா, டேங்கையே இறக்க வேண்டுமா? கூலி இதை வைத்துத்தான். மூடி இருந்தால் மோட்டார் மட்டும் போட்டுப் பார்க்கலாம், தப்பானாலும் மறுபடி திறப்பது ஒரு மணி நேர வேலை. டேங்க் இறக்க வேண்டும் என்றால் நான் முழு செட்டைத்தான் சொல்வேன், சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் என்கிற கணக்கு அது, இரண்டாம் தடவை இறக்கினால் மிச்சம் பிடித்ததெல்லாம் கூலியில் போய்விடும். மூடி இல்லை என்று தரைத் தகட்டை வெட்டித் துளை போடுகிற சூரர்கள் இருக்கிறார்கள். பெட்ரோல் ஆவிக்கு மேலே கட்டிங் வீலில் தீப்பொறி பறக்க விடுவது. அவர்கள் பக்கமே போகாதே.


சிக்கனம்:

எல்லாரும் புதுசையே சொல்கிறார்கள், நான் இரண்டு வருடம் முன்னால் பழைய இரும்புக் கடையில் விபத்தில் அடிபட்ட அதே மாடல் வண்டியிலிருந்து முழு செட்டாக எடுத்துப் போட்டேன், இன்றுவரை ஓடுகிறது. புது செட்டின் விலையில் பத்தில் ஒரு பங்குதான் ஆனது. விற்கப்போகிற வண்டிக்கு எதற்கு வீண் செலவு?


டேங்க் இறக்கி:

ஓடியது உன் அதிர்ஷ்டம். அந்தப் பம்ப் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, அந்த வண்டி எத்தனை மாதம் காலி டேங்கோடு மழையில் கிடந்தது என்று யாருக்குத் தெரியும்? டேங்க் காய்ந்து கிடந்தால் உள்ளே துருவும் பிசினும் பிடிக்கும். பழைய கடையில் கூட்டையும் மிதவையையும் எடு, நானே எடுத்திருக்கிறேன். மோட்டாரை மட்டும் புதுசாகப் போட்டுக்கொள். கூடு உடைந்து, புது செட்டும் கட்டுப்படியாகாத ஆட்களுக்கு அது நல்ல வழி, அந்த அளவுக்கு நீ சொல்வதை ஒத்துக்கொள்கிறேன்.


வழிப்போக்கன்:

யாரும் சொல்லவில்லையே, சேசிஸ் நம்பரைப் போட்டு ரீகால், அதாவது கோளாறுக்காகக் கம்பெனியே திரும்ப அழைப்பது, இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டென்சோ செய்த ஒரு வகைப் பம்பில் உள்ளே சுழலும் பிளாஸ்டிக் சக்கரம் பெட்ரோலில் ஊறி உப்பி, கூட்டில் உரசி நின்றுவிடுகிறது என்று 2020-இல் டொயோட்டா மட்டுமே 30 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தது, ஹோண்டாவும் அதே காரணத்துக்காக அழைத்தது. அந்தப் பட்டியலில் வருகிற வண்டிக்குப் பம்பும் இலவசம், மாற்றும் கூலியும் இலவசம். உங்கள் 14 வருட வண்டி அதில் வர வாய்ப்பு குறைவு, ஆனாலும் இதைப் படிக்கிற வேறு யாருக்காவது உதவும். சொந்தக் காசில் ஏற்கெனவே மாற்றியிருந்தாலும் ரசீது இருந்தால் திருப்பிக் கேட்டுப் பார்க்கலாம், அதனால் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.


பேரேடு:

பம்ப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, கணக்கு மட்டும் எழுதுகிறேன். மூன்று பழைய வண்டிகளை ஓட்டி, ஒன்றை மிகவும் தாமதமாக விற்று, ஒன்றை அவசரப்பட்டு விற்ற அனுபவம் எனக்கு.

"வண்டி மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணக்கு உங்களைத் தப்பான பக்கம் தள்ளும். கிளட்சுக்கும் ரேடியேட்டருக்கும் கொடுத்த பணம் போனது போனதுதான், பம்ப் போட்டாலும் வராது, விற்றாலும் வராது. இன்றைக்குக் கேட்க வேண்டியது, இன்றிலிருந்து அடுத்த 12 மாதம் இந்த வண்டியை ஓட்ட எவ்வளவு ஆகும், இதை விற்றுவிட்டு வேறொன்றை 12 மாதம் ஓட்ட எவ்வளவு ஆகும். இரண்டாவதில் கடன் வட்டி, கூடுதல் இன்ஷூரன்ஸ், பதிவுச் செலவு, அப்புறம் யாரும் கணக்கில் எடுக்காத விலைச் சரிவு, எல்லாவற்றையும் சேருங்கள். சொல்லப்போனால் கிளட்சும் ரேடியேட்டரும் புதுசு என்பது இப்போது வைத்துக்கொள்ள ஒரு காரணம், ஏனென்றால் அவை அடுத்த சில வருடம் உங்களைத் தொந்தரவு செய்யாது. நீங்கள் விற்றால் அந்தப் புது கிளட்சை வாங்குகிறவர் இலவசமாக ஓட்டுவார்.

ஆனால் நேர்மையாக மறுபக்கத்தையும் எழுதுங்கள். நல்ல மெக்கானிக் ஒருவருக்குக் காசு கொடுத்து ஒரு மணி நேரம் வண்டியை அடியிலும் மேலிலும் பார்க்கச் சொல்லி, அடுத்து என்ன வரும் என்று பட்டியல் வாங்குங்கள். டைமிங் பெல்ட், டயர், பேட்டரி, சேசிஸ் துரு. பெல்ட்டும் டயரும் நாள் குறித்து வருகிற செலவு, பயமில்லை. அடிச்சட்டத்தில் துரு ஓட்டை விழுந்திருக்கிறது, கியர்பாக்ஸ் உறுமுகிறது என்றால் பம்ப் மாற்றுவதற்கு முன்னாலேயே விற்கிற யோசனைக்குப் போய்விடலாம். நான் தாமதமாக விற்ற வண்டி அப்படித்தான், ஒவ்வொரு ரிப்பேரும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமாக இருந்தது, அடியில் துரு தின்றுகொண்டிருந்ததை மட்டும் பார்க்க மறுத்தேன்.

சரி, வைத்துக்கொள்வது என்றானால் செலவை எப்படிக் கட்டுப்படுத்துவது? நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், தேதி, கிலோமீட்டர், என்ன வேலை, பாகம் எவ்வளவு, கூலி எவ்வளவு. வருடக் கூட்டலைப் பன்னிரண்டால் வகுத்து அந்தத் தொகையை மாதம் தவறாமல் தனிக் கணக்கில் போடுகிறேன், ரிப்பேர் இல்லாத மாதத்திலும். என் வண்டியில் பம்ப் பழுதான மாதம் எனக்குப் பெரிய அடியாகத் தெரியாததற்கு அந்தக் கணக்குதான் காரணம். பட்டறையில் ஏழு வேலை சொன்னால், எதைச் செய்யாவிட்டால் வண்டி நிற்கும், எதைச் செய்யாவிட்டால் உயிருக்கு ஆபத்து, எது அடுத்த மாதம் பார்க்கலாம் என்று அவர்களிடமே பிரித்துச் சொல்லச் சொல்லுவேன். நடுவழியில், அதுவும் வேகச் சாலையில் நிற்கிற வண்டி, உங்கள் பம்ப் பிரச்சினை, முதல் இரண்டிலும் வருகிறது, அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

பட்டறைக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. கோளாறு கண்டுபிடிக்கத் தனிக் கட்டணம் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். அதைக் கொடுக்க நாம் மறுப்பதால்தான் காதால் கேட்டுப் பாகத்தை மாற்றுகிறார்கள். கொட்டேஷனை எழுத்தில், பாகம் வேறு கூலி வேறு என்று பிரித்து வாங்குங்கள். பழைய பாகத்தை என் கையில் கொடுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாகத்துக்கு வாரண்டி இருந்தாலும் மறுபடி கழற்றி மாட்டுகிற கூலிக்குப் பெரும்பாலும் இருக்காது, அதுவும் பாகத்தை நீங்களே வாங்கிக் கொண்டுபோனால் நிச்சயம் இருக்காது. நான் ஒருமுறை சொந்தமாக வாங்கிக் கொடுத்த ஆல்டர்னேட்டர் மூன்றே மாதத்தில் போனது, பாகத்தை மாற்றிக் கொடுத்தார்கள், கூலியை இரண்டாவது முறையும் நான்தான் கட்டினேன். அப்போது மிச்சம் பிடித்தது என்ன என்று நோட்டைத் திறந்து பார்த்தேன், மைனஸில் இருந்தது.


பழைய ஸ்டியரிங்:

எல்லாருக்கும் நன்றி, முடிவுகளோடு வந்திருக்கிறேன். வேறொரு பட்டறையில் கண்டுபிடிப்புக் கட்டணம் கட்டி அளக்கச் சொன்னேன். புத்தகத்தில் 3.5 பார். குளிர்ந்த நிலையில் 3.4 காட்டியது, நாற்பது நிமிடம் ஓட்டி மேடு ஏறினால் 2.1 வரை இறங்கியது. பம்ப் கனெக்டரில் வோல்டேஜ் 10.6 மட்டுமே, பேட்டரியில் அதே நேரத்தில் 13.8. பின் சீட்டைத் தூக்கி (ஆமாம், மூடி இருக்கிறது!) பார்த்தால் கனெக்டரில் ஒரு பின் கருகி, பிளாஸ்டிக் உருகி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் பம்ப் நன்றாகத்தான் இருக்கிறதா? கனெக்டரை மட்டும் மாற்றினால் போதுமா?


வோல்ட்மீட்டர்:

அருமை, இப்போது பேசுவதற்கு எண்கள் இருக்கின்றன. கனெக்டரை முதலில் மாற்றுங்கள், ஒயரோடு சேர்ந்த தனித் துண்டாகவே கிடைக்கும். ஆனால் அது ஏன் கருகியது என்று கேட்கணும். பின் தளர்ந்து தானாகச் சூடேறியும் இருக்கலாம், தேய்ந்த மோட்டார் அளவுக்கு மேல் ஆம்பியர் இழுத்தும் இருக்கலாம். புதுக் கனெக்டர் போட்ட பிறகு ஒயரைக் கவ்வி அளக்கிற கிளாம்ப் மீட்டரால் ஆம்பியர் பாருங்கள். இந்த அளவு பம்புகள் சாதாரணமாக 4 முதல் 7 ஆம்பியர் வரை இழுக்கும். குளிர்ந்த நிலையில் 6 இருந்து சூட்டில் 9, 10 என்று ஏறினால் மோட்டார் திணறுகிறது. இதில் ஒரு பொறி இருக்கிறது: கனெக்டரைப் பார்க்காமல் புதுப் பம்பை மட்டும் மாட்டியிருந்தால் கொஞ்ச நாள் ஓடியிருக்கும், அதுவும் 10 வோல்ட்டில் முக்கிக்கொண்டு. அப்புறம் "இந்தக் கம்பெனி பம்பே மட்டம்" என்று அதன் மேல் பழி போட்டிருப்பீர்கள்.


பழைய ஸ்டியரிங்:

கனெக்டர் மாற்றியதும் வோல்டேஜ் 13.3-க்கு வந்துவிட்டது, ஒரு வாரம் பிரமாதமாக ஓடியது, பம்ப் பிழைத்தது என்று சந்தோஷப்பட்டேன். அப்புறம் ஒரு வெயில் நாளில் மறுபடி அதே இருமல். ஆம்பியர் பார்த்தால் சூட்டில் 9.5. சரி, இதற்கு மேல் வாதாட ஒன்றுமில்லை என்று மோட்டாரை மாற்ற முடிவு செய்தேன். பழையதின் உடம்பில் இருந்த நம்பரை வைத்து, அதே செய்தவரின் சொந்தப் பெட்டியில் கிடைத்தது, பட்டறை வழியாகவே வாங்கச் சொன்னேன், கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் கூலிக்கும் சேர்த்து ஒரு வருடம் அவர்கள் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். சல்லடை, சீல், 30ஆர்10 குழாய் எல்லாம் புதுசு. மொத்தமாகப் பார்த்தால் முதலில் சொன்ன முழு செட்டின் விலையில் பாதிக்குக் கொஞ்சம் கீழே, கண்டுபிடிப்புக் கட்டணத்தையும் சேர்த்து.

வேலை செய்யும்போது பக்கத்திலேயே நின்றேன். முதலில் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டுப் பிரஷரை இறக்கினார்கள், பேட்டரி நெகட்டிவைக் கழற்றினார்கள், தீயணைப்பானைக் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்தார்கள். பூட்டு வளையத்தைப் பித்தளைக் கம்பியால்தான் தட்டினார்கள், இரும்பால் தட்டினால் பொறி வருமாம். பழைய சல்லடை சேறு பூசிய மாதிரி இருந்தது. இப்போது சூட்டிலும் 3.4 பார், 5.8 ஆம்பியர். அதே மேடு, மூன்றாவது கியரில் முழு மிதி, ஒரு இருமல் இல்லை.

வண்டியை வைத்துக்கொள்கிறோம். பேரேடு சார் சொன்ன மாதிரி அடியில் பார்க்கச் சொன்னேன், துரு இல்லை, அடுத்து டைமிங் பெல்ட்தான், அதற்கு மாதாமாதம் ஒதுக்க ஆரம்பித்தாகிவிட்டது. வீட்டில் நோட்டைப் பார்த்துவிட்டு "சரி, இன்னும் ஒரு வருடம்" என்றார்கள்.

ஒரே ஒரு புதுத் தொல்லை. பெட்ரோல் முள் பாதிக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. எவ்வளவு ஓட்டினாலும் பாதியிலேயே நிற்கிறது. கால் டேங்குக்குக் கீழே விடாதே என்று சொன்னதற்கு வண்டியே இப்படிக் கீழ்ப்படிகிறதா?


டேங்க் இறக்கி:

கூட்டை உள்ளே இறக்கும்போது மிதவைக் கம்பி எங்கேயோ சிக்கியிருக்கும், புதுக் குழாய் கொஞ்சம் நீளமாக வெட்டியிருந்தால் அதில் இடிக்கும். முள்ளை நம்பாமல் கிலோமீட்டரைப் பார்த்துப் பெட்ரோல் போட்டுக்கொள், பாதி காட்டுகிறது என்று ஓட்டி மறுபடி காயவிட்டுவிடாதே. பட்டறைக்குப் போகும்போது நிஜமாகவே கால் டேங்க் அளவில் போ, நிறைத்துக்கொண்டு போனால் மூடியைத் திறந்ததும் மேலேயே வழியும். கூலி கேட்டால் எழுதிக் கொடுத்த காகிதத்தைக் காட்டு.